கீ சிக்னேச்சர்: கர்நாடக இசை பயின்றவர் வரியின் தொடக்கத்தில் நிற்கும் ஷார்ப், ஃப்ளாட் குறிகளை எப்படிப் புரிந்துகொள்வது?

அல்சூர் மாணவி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் பெங்களூரில் அல்சூர் பகுதியில் வசிக்கிறேன். சிறு வயதில் பல ஆண்டுகள் கர்நாடக வாய்ப்பாட்டுப் பயின்றேன். இப்போது மகளோடு சேர்ந்து ஃபிரேசர் டவுனில் ஓர் ஆசிரியையிடம் பியானோ கற்று வருகிறேன். ஐந்து கோடுகளின் மேலும் இடையிலும் எழுதப்பட்டிருக்கும் ஸ்வரங்களை மெதுவாகவேனும் படித்துவிட முடிகிறது. ஆனால் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் கிளெஃப் குறியை (எந்தக் கோடு எந்த ஸ்வரம் என்று காட்டும் குறியை) அடுத்து நிற்கும் ஷார்ப் (ஸ்வரத்தை உயர்த்தும் குறி), ஃப்ளாட் (தாழ்த்தும் குறி) கூட்டம், அதாவது கீ சிக்னேச்சர், எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒரு ஷார்ப் இருந்தால் ஜி மேஜர், இரண்டு இருந்தால் டி மேஜர், ஒரு ஃப்ளாட் இருந்தால் எஃப் மேஜர் என்று மனப்பாடம் செய்யும்படி ஆசிரியை சொல்கிறார். மனப்பாடம் செய்வதில் எனக்குத் தயக்கமில்லை. தாய் ராகங்களின் பட்டியலாகிய மேளகர்த்தா அட்டவணையை அப்படித்தான் கற்றோம். எனினும் அந்த அட்டவணைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. இங்கே அந்தக் கணக்கு என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

என் குழப்பத்தின் வேர் இதுதான். நம் முறையில் ஸ, ரி, க, ம என்று எழுதிவிட்டால் ஒரு கட்டையில் (கட்டை என்பது பாடகரின் ஆதார சுருதி அளவு) பாடுபவரும் என்னைப் போல ஐந்தரைக் கட்டையில் பாடுபவரும் அதே ஏட்டைப் பார்த்துப் பாடலாம். சுருதி மாறினால் எழுத்து மாறுவதில்லை. மேற்கத்திய முறையில் மட்டும் ஆதார ஸட்ஜம் இடம் மாறும்போதெல்லாம் புதிய குறிகள் வந்து சேர்வது ஏன்? அந்தக் குறிகள் எப்போதும் ஒரே வரிசையில், முதலில் எஃப், அடுத்து சி, அதற்கடுத்து ஜி என்று வருவது ஏன்? ஒரே ஒரு ஷார்ப் இருக்கும் பாடம் ஜி மேஜராகவும் இருக்கலாம், ஈ மைனராகவும் இருக்கலாம் என்றால், அதைக் குறியிலிருந்து எப்படித்தான் அறிந்துகொள்வது? பொறுமையாக விளக்குபவர்களுக்கு முன்கூட்டியே நன்றி.

மல்லேஸ்வரம் பியானோ ஆசிரியர்:

வணக்கம் அம்மா. உங்கள் கேள்வியிலேயே விடைக்கான பாதி வழி இருக்கிறது. கர்நாடக இசை பயின்றவர்கள் கீ சிக்னேச்சரை மற்றவர்களைவிட ஆழமாகப் புரிந்துகொள்ள முடியும் என்பது வகுப்பறையில் நான் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. ஆதலால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஸ, ரி, க, ம என்னும் எழுத்துகள் ஸட்ஜத்துக்கும் மற்ற ஸ்வரங்களுக்கும் உள்ள உறவைக் காட்டுகின்றன. ஐந்து கோட்டு எழுத்துமுறையாகிய ஸ்டாஃப் நொட்டேஷனில் உள்ள ஒவ்வொரு கோடும் இடைவெளியும் ஒரு குறிப்பிட்ட ஒலியைக் காட்டுகின்றன; அதாவது பியானோவில் எந்த விசை, வயலினில் எந்த இடம் என்பதைக் காட்டுகின்றன. பல வாத்தியங்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு ஸ்வரங்களை வாசிக்க வேண்டிய இசைக்கு அத்தகைய எழுத்துமுறை தேவைப்பட்டது. ஆனால் அந்த ஐந்து கோடுகளும் அவற்றின் இடைவெளிகளும் பியானோவின் வெள்ளை விசைகளுக்கு உரிய ஏழு எழுத்துகளை மட்டுமே தாங்குகின்றன. பார்வைக்கு ஒவ்வொரு படியும் சமமாகத் தோன்றினாலும், ஈ, எஃப் இரண்டுக்கும் இடையிலும் பி, சி இரண்டுக்கும் இடையிலும் அரைப்படிதான் (கறுப்பு, வெள்ளை எல்லாம் சேர்த்து அடுத்தடுத்த இரு விசைகளின் இடைவெளி) இருக்கிறது; மற்ற இடங்களில் முழுப்படி, அதாவது இரண்டு அரைப்படிகள். கோடுகள் இந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை. கீ சிக்னேச்சரின் தேவை இங்கிருந்தே தொடங்குகிறது.

இப்போது சங்கராபரண மேளத்தின் ஸ்வரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மேஜர் ஸ்கேல் என்பது அதே ஏழு ஸ்வரத்தானங்கள்தான். அதில் அரைப்படி வருவது அந்தர காந்தாரத்துக்கும் சுத்த மத்யமத்துக்கும் இடையில் ஒன்று, காகலி நிஷாதத்துக்கும் மேல் ஸட்ஜத்துக்கும் இடையில் மற்றொன்று. ஒரு கட்டையில், அதாவது சி என்னும் விசையில் ஸட்ஜத்தை வைத்தால், க‑ம இடைவெளி ஈ‑எஃப் மீதும் நி‑ஸ இடைவெளி பி‑சி மீதும் தாமாகவே பொருந்துகின்றன. ஆகவே குறி எதுவும் தேவையில்லை. ஸட்ஜத்தை ஐந்து கட்டைக்கு, அதாவது ஜி என்னும் விசைக்கு நகர்த்துங்கள். ஜி, ஏ, பி, சி, டி, ஈ வரை எல்லாம் சரியாக வருகின்றன. க‑ம இடைவெளி பி‑சி மீது விழுகிறது. ஆனால் நிஷாதத்தின் இடத்தில் எஃப் வருகிறது. அது ஜி‑க்கு ஒரு முழுப்படி கீழே இருப்பதால் கைசிகி நிஷாதமாகிவிடுகிறது. அதைக் காகலியாக்க அரைப்படி உயர்த்த வேண்டும். அந்த உயர்வே எஃப் ஷார்ப். ஜி மேஜரின் கீ சிக்னேச்சர் சொல்வதும் அதை மட்டுமே. எட்டு வரிப் பாடத்தில் நூறு முறை வரக்கூடிய எஃப் ஒவ்வொன்றின் அருகிலும் ஷார்ப் எழுதுவதற்குப் பதிலாக வரியின் தொடக்கத்தில் ஒரு முறை எழுதிவிடுகிறார்கள். ட்ரெபிள் கிளெஃபில் அந்தக் குறி மேல் கோட்டின் மீது நின்றாலும், கீழ் இடைவெளியில் வரும் எஃப் உள்ளிட்ட எல்லா ஸ்தாயிகளின் எஃப்‑க்கும் அது பொருந்தும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அதை ஏன் ஜி ஃப்ளாட் என்று எழுதக்கூடாது, அதே கறுப்பு விசைதானே என்று கேட்கலாம். ஏழு ஸ்வரங்களுக்கும் ஏழு எழுத்துகளும் ஆளுக்கு ஒரு முறை வர வேண்டும் என்பது விதி. ஜி ஃப்ளாட், ஜி என்று எழுதினால் ஒரே கோட்டில் நிஷாதமும் ஸட்ஜமும் மோதிக்கொள்ளும். எஃப்‑க்கு உரிய இடம் காலியாக நிற்கும். வரிசை ஏறி இறங்குவதைக் கண்ணால் படிக்க முடியாது.

இனி உங்கள் இரண்டாம் கேள்வியாகிய வரிசைக்கு வருவோம். இதை விளக்கும்போதுதான் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஒரு கட்டையில் சங்கராபரண ஸ்வரங்களைப் பாடுங்கள். அதில் மத்யமத்தை மட்டும் பிரதி மத்யமமாக மாற்றுங்கள்; மேளம் கல்யாணி ஆகிவிடும். இப்போது அந்தக் கல்யாணியின் பஞ்சமத்தை ஸட்ஜமாகக் கொண்டு கிரக பேதம் செய்யுங்கள். மறுபடியும் சங்கராபரணம் கிடைக்கும், ஆனால் ஐந்து கட்டையில். நீங்கள் மாற்றியது எஃப் என்னும் ஒரே ஸ்வரத்தைத்தான். புதிய ஸட்ஜத்துக்கு அது காகலி நிஷாதமாக அமைந்துவிட்டது. அங்கிருந்து அதே செயலைத் திரும்பச் செய்யுங்கள். ஜி‑யின் மத்யமமாகிய சி‑யை உயர்த்தினால் எஃப், சி இரண்டும் ஷார்ப் ஆகும். பஞ்சமமாகிய டி ஸட்ஜமாகும். அடுத்து டி‑யின் மத்யமமாகிய ஜி உயரும், ஏ ஸட்ஜமாகும். இப்படியே செல்வதால் எஃப், சி, ஜி, டி, ஏ, ஈ, பி என்னும் வரிசை தானாகவே பிறக்கிறது. ஒவ்வொன்றும் முந்தியதன் பஞ்சமம். யாரோ ஒருவர் அமர்ந்து வகுத்த வரிசை அல்ல இது.

ஃப்ளாட்டுகள் எதிர்த்திசையில் பிறக்கின்றன. ஒரு கட்டைச் சங்கராபரணத்தில் நிஷாதத்தைக் கைசிகியாகத் தாழ்த்தினால் ஹரிகாம்போஜி கிடைக்கும். அதன் மத்யமத்தை ஸட்ஜமாகக் கொண்டால் நான்கு கட்டையில், அதாவது எஃப்‑இல், சங்கராபரணம் வந்து நிற்கும். தாழ்த்திய பி ஃப்ளாட் புதிய ஸட்ஜத்துக்குச் சுத்த மத்யமமாகிறது. இதைத் தொடர்ந்தால் பி, ஈ, ஏ, டி, ஜி, சி, எஃப் என்று முந்திய வரிசை அப்படியே திரும்பி வரும்.

மூன்றாம் கேள்வியாகிய மேஜர், மைனர் பற்றி ஒன்றை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். கீ சிக்னேச்சர் எந்த ஏழு ஸ்வரங்கள் என்பதைச் சொல்கிறது; அவற்றில் எது ஸட்ஜம் என்பதைச் சொல்வதில்லை. ஒரு ஷார்ப் உள்ள ஏழு ஸ்வரங்களில் ஜி ஸட்ஜமானால் சங்கராபரணம். அதன் தைவதமாகிய ஈ ஸட்ஜமானால் நடபைரவி, அதாவது ஈ மைனர். கிரக பேதம் அறிந்த உங்களுக்கு இது விந்தையாக இருக்காது. ஸட்ஜம் எங்கே என்பதை இசையின் போக்கிலிருந்துதான் கண்டுகொள்ள வேண்டும்.

சாமராஜப்பேட்டை ரசிகர்:

மேலே எழுதிய ஆசிரியரின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆயினும் ஓர் எச்சரிக்கையைப் பதிவு செய்ய விரும்புகிறேன். சங்கராபரண ராகத்தையும் மேஜர் ஸ்கேலையும் ஒன்றாகக் கருதிவிடக்கூடாது. ஸ்வரத்தானங்கள் ஒன்றாக இருக்கலாம். ராகம் என்பது கமகங்களாலும் (ஸ்வரங்களை அசைத்துப் பாடும் முறைகளாலும்) பிடிகளாலும் (ராகத்துக்கே உரிய ஸ்வரத் தொடர்களாலும்) நீண்ட கால மரபாலும் உருவானது. நம் காந்தாரமும் நிஷாதமும் அசைவின்றி நிற்பவை அல்ல. கர்நாடக இசையில் ஊறிய ஒருவர் ஜி மேஜர் பாடத்தைப் பார்த்துச் சங்கராபரணம் என்று மனத்தில் பதித்துக்கொண்டால், விரல் ஒன்றை வாசிக்கும்போது காது வேறொன்றை எதிர்பார்க்கும்.

ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால் முத்துஸ்வாமி தீக்ஷிதரின் நோட்டுஸ்வர சாஹித்யங்களை எடுத்துக்கொள்வது பொருத்தம் என்பது என் கருத்து. 1775 முதல் 1835 வரை வாழ்ந்த தீக்ஷிதர், ஐரோப்பிய மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு ஸம்ஸ்கிருத சாஹித்யம் அமைத்தார். அவை சங்கராபரணத்தின் ஸ்வரங்களில் அமைந்தவை. கமகமின்றி நேராகப் பாடப்படுபவை. குழந்தைப் பருவத்தில் பலர் அவற்றைக் கற்றிருப்பார்கள். மேஜர் ஸ்கேல் காதில் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை அவை சரியாகக் காட்டும்.

இரண்டு மரபுகளும் ஒருவரிடத்தில் இடையூறின்றி வாழ முடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. மைசூர் மகாராஜா ஜயசாமராஜேந்திர உடையார் பியானோவை முறையாகப் பயின்றவர். கர்நாடக இசையில் கீர்த்தனைகள் பலவும் இயற்றியவர். அவரவர் மரபுக்கு உரிய இடத்தைக் கொடுத்துக் கற்பதே முறை.

மல்லேஸ்வரம் பியானோ ஆசிரியர்:

ஐயா சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். நான் சொன்னது மேளத்தின் ஸ்வரத்தானங்களைப் பற்றி மட்டுமே. ராகத்தைப் பற்றி அல்ல. நோட்டுஸ்வரங்களைப் பயன்படுத்தும் யோசனை மிக நல்லது. அதை என் மாணவர்களுக்கும் சொல்வேன்.

பாடகர் குழு ஆல்டோ:

சகோதரிக்கு வணக்கம். நான் பெங்களூரில் ஒரு தமிழ்ச் சபையின் பாடகர் குழுவில் ஆல்டோ, அதாவது பெண்களின் தாழ்குரல், பாடுபவள். எங்களில் மூத்தவர்கள் பலர் ஸ்டாஃப் நொட்டேஷனுக்கு முன்பே டானிக் சொல்ஃபா என்னும் எழுத்துமுறையில் பாடக் கற்றவர்கள். இங்கிலாந்தில் சாரா குளோவர் தொடங்கிய முறையை ஜான் கர்வென் 19‑ஆம் நூற்றாண்டில் விரிவாக்கிப் பரப்பினார். அதில் டோ, ரே, மீ என்பவை நம் ஸ, ரி, க போலவே ஸட்ஜத்தோடு நகர்பவை. பாட்டின் தலைப்பில் டோ எந்த ஒலியில் என்று மட்டும் குறித்திருப்பார்கள். ஆகவே சுருதி மாறினாலும் எழுத்து மாறாத முறை மேற்கிலும் இருந்தது, இன்றும் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் ஸரிகம அறிவு இங்கே வீணாகவில்லை.

சொல்ஃபாவிலிருந்து ஸ்டாஃபுக்கு வந்த எங்களுக்கு உதவியது ஒரு சிறிய வழி. ஆசிரியர் மேலே காட்டிய கணக்கின் பயன் அது. புதிதாகச் சேரும் ஷார்ப் எப்போதும் நிஷாதமாக அமைவதால், வரிசையில் கடைசியாக நிற்கும் ஷார்ப் எதுவோ அதுவே நிஷாதம். அதற்கு அரைப்படி மேலே ஸட்ஜம். மூன்று ஷார்ப் இருந்தால் கடைசி ஜி ஷார்ப். ஆகவே ஸட்ஜம் ஏ. ஃப்ளாட்டுகளில் கடைசியாக நிற்பது மத்யமம். அங்கிருந்து ம, க, ரி, ஸ என்று இறங்கினால் ஸட்ஜம் கிடைக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட ஃப்ளாட்டுகள் இருந்தால் இறங்கவும் வேண்டாம். கடைசிக்கு முந்திய ஃப்ளாட்டே ஸட்ஜம். பி, ஈ என்று இரண்டு ஃப்ளாட் இருந்தால் பி ஃப்ளாட் மேஜர். இவையெல்லாம் மேஜருக்கு மட்டும். மைனராக இருந்தால் அந்த ஸட்ஜத்திலிருந்து மூன்று அரைப்படிகள் கீழே இறங்க வேண்டும்.

மைனரை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டிருந்தீர்கள். நான் முதலில் பாட்டின் முடிவில் பேஸ் குரலுக்கு (மிகத் தாழ்ந்த ஆண்குரலுக்கு) எழுதியிருக்கும் கடைசி ஸ்வரத்தைப் பார்ப்பேன். பெரும்பாலான பாட்டுகளில் அதுவே ஸட்ஜம். அடுத்து, சிக்னேச்சரில் இல்லாத ஷார்ப் அல்லது நேச்சுரல் (ஷார்ப், ஃப்ளாட்டை நீக்கும் குறி) ஒன்று பாட்டுக்குள் அடிக்கடி வருகிறதா என்று பார்ப்பேன். இரண்டு ஃப்ளாட் உள்ள பாட்டில் எஃப் ஷார்ப் மீண்டும் மீண்டும் தலைகாட்டினால் அது ஜி மைனரின் நிஷாதம். நடபைரவியின் கைசிகி நிஷாதத்தைக் காகலியாக்கினால் கீரவாணி. ஹார்மோனிக் மைனர் என்பது அந்த ஸ்வரங்கள்தான். அந்த உயர்வு ஸட்ஜத்தை நோக்கி ஏறும்போது தேவைப்படுகிறது, இறங்கும்போது பல இடங்களில் விடப்படுகிறது. ஆகையால் அதைச் சிக்னேச்சரில் சேர்க்காமல் வரும் இடத்தில் எழுதுகிறார்கள். தைவதமும் சேர்ந்து உயர்ந்தால் கௌரிமனோஹரியின் ஸ்வரங்கள் வரும். மெலோடிக் மைனரின் ஆரோகணம் அது.

எங்கள் குழுவில் நடக்கும் ஒன்றையும் சொல்கிறேன். ஈ ஃப்ளாட்டில் எழுதிய பாட்டு சபையாருக்கு உயரமாக இருந்தால் ஆர்கன் வாசிப்பவர் அரைப்படி இறக்கி டி‑யில் வாசிப்பார். ஏட்டில் மூன்று ஃப்ளாட். கேட்பதோ இரண்டு ஷார்ப். சொல்ஃபாவில் பாடுபவர்களுக்கு எதுவும் மாறவில்லை. அவர் மட்டும் ஸட்ஜத்தை மனத்தால் நகர்த்திக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதன் உறவில் படிக்கிறார். கீ சிக்னேச்சரை உண்மையாக உள்வாங்கியவருக்கே அது கைகூடுகிறது.

அல்சூர் மாணவி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கல்யாணியையும் ஹரிகாம்போஜியையும் கொண்டு விளக்கியதைத் தம்புரா சுருதி வைத்துக்கொண்டு பாடிப் பார்த்தேன். பிரதி மத்யமம் நிஷாதமாக மாறும் அந்தக் கணத்தைக் காதால் கேட்டபோது இத்தனை நாள் தாளில் புள்ளிகளாகக் கண்டவை இசையாகத் தெரிந்தன.

இன்னும் சில ஐயங்கள் இருக்கின்றன. இப்போது நான் பயிலும் பாடத்தில் மூன்று ஃப்ளாட்டுகள் இருக்கின்றன. பி என்னும் ஸ்வரம் பல இடங்களில் நேச்சுரலாக வருகிறது. இடக்கையின் கடைசி ஸ்வரம் சி. ஆகவே இது ஈ ஃப்ளாட் மேஜர் அல்ல, சி மைனர் என்று எடுத்துக்கொள்கிறேன், சரிதானா? ஓர் அளவில் (இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதியில்) நேச்சுரல் போட்டுவிட்டால் அது அடுத்த அளவுக்கும் செல்லுமா? பாடத்தின் நடுவில் இரட்டைக் கோடு ஒன்றை அடுத்து மூன்று நேச்சுரல் குறிகள் மட்டும் நிற்கின்றன. அதன் பொருள் என்ன? கடைசியாக, வீட்டில் உள்ள மின்னணுக் கீபோர்டில் சுருதியை மாற்றும் பொத்தான் இருக்கிறது. சி மேஜரில் மட்டும் வாசிக்கப் பழகிக்கொண்டு மற்றவற்றை அந்தப் பொத்தானிடம் விட்டுவிடலாமா? என் சுருதியாகிய ஐந்தரைக் கட்டைக்கு எந்தச் சிக்னேச்சர் என்பதையும் அறிய ஆவல்.

வில்லும் விரலும்:

நான் கர்நாடக வயலினும் மேற்கத்திய வயலினும் வாசிப்பவன். சி மைனர் என்று நீங்கள் கணித்தது சரி. பாடத்துக்குள் வரும் ஷார்ப், ஃப்ளாட், நேச்சுரல் குறிகள் அந்த ஓர் அளவுக்கு மட்டுமே செல்லும். அடுத்த அளவுக் கோட்டைத் தாண்டியதும் கீ சிக்னேச்சர் மீண்டும் ஆட்சிக்கு வரும். மேலும் அவை எழுதப்பட்ட அதே ஸ்தாயிக்கு மட்டுமே பொருந்தும். சிக்னேச்சரைப் போல எல்லா ஸ்தாயிகளுக்கும் பரவுவதில்லை. ஒரு ஸ்வரம் டை என்னும் வளைகோட்டால் அடுத்த அளவின் அதே ஸ்வரத்தோடு இணைக்கப்பட்டிருந்தால் மட்டும் அந்த நீட்சி முடியும்வரை மாற்றம் தொடரும். சில பதிப்புகளில் அடுத்த அளவில் நினைவூட்டலாக ஒரு குறி போட்டிருப்பார்கள். அது கூடுதல் மாற்றம் அல்ல. இரட்டைக் கோட்டை அடுத்து வரும் மூன்று நேச்சுரல்கள் பழைய மூன்று ஃப்ளாட்டுகளை நீக்குகின்றன. உங்கள் பாடம் அங்கே பெரும்பாலும் சி மேஜருக்கு மாறுகிறது. ஆனால் அதே ஸ்வரங்கள் ஏ மைனருக்கும் உரியவை என்பதால் ஜி ஷார்ப் வருகிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டு சிறிது நேரம் வேறொரு ஸட்ஜத்துக்குச் சென்று திரும்பினால் சிக்னேச்சரை மாற்றுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சி மேஜரில் தொடங்கிய பாடம் நடுவில் ஜி‑யை ஸட்ஜமாக்கிக்கொண்டு உலவும்போது எஃப் ஷார்ப் அங்கங்கே எழுதப்படும். வரியின் தொடக்கம் காலியாகவே இருக்கும். மாற்றம் நீண்ட பகுதிக்கு நிலைத்தால்தான் இரட்டைக் கோடும் புதிய சிக்னேச்சரும் வரும்.

உங்கள் முதல் கேள்விக்கு வயலினிலிருந்து ஒரு விடை தோன்றுகிறது. கர்நாடக வயலினில் நான்கு தந்திகளையும் ஸ, ப, ஸ, ப என்று பாடகரின் சுருதிக்குச் சேர்த்துவிடுகிறோம். எந்தக் கட்டையானாலும் விரல் வைக்கும் முறை ஒன்றே. மேற்கத்திய வயலினில் தந்திகள் எப்போதும் ஜி, டி, ஏ, ஈ. ஸட்ஜம் நகரும்போது தந்திகள் நகராததால் விரல்தான் நகர வேண்டும். டி மேஜரில் டி தந்தியிலும் ஏ தந்தியிலும் இரண்டாம் விரல் மூன்றாம் விரலை ஒட்டி நிற்கும். எஃப் ஷார்ப், சி ஷார்ப் என்னும் இரண்டும் அந்த இடங்கள்தான். சி மேஜரில் அதே விரல் பின்வாங்கி முதல் விரலை ஒட்டிக்கொள்ளும். எனக்குக் கீ சிக்னேச்சர் என்பது கை எப்படி அமைய வேண்டும் என்னும் அறிவிப்பு. வில்லை எடுக்கும் முன்பே விரல்கள் அந்த அமைப்பில் இருக்க வேண்டும்.

பியானோவிலும் அதையே செய்யலாம். பாடத்தைத் தொடங்கும் முன் சிக்னேச்சரைப் பார்த்து ஸட்ஜத்தைச் சொல்லுங்கள். அந்த ஸட்ஜத்திலிருந்து ஏழு ஸ்வரங்களையும் மெதுவாக ஏறி இறங்கி வாசியுங்கள். எந்தக் கறுப்பு விசைகள் கைக்குள் வருகின்றன என்று உணருங்கள். ஸ, க, ப மூன்றையும் சேர்த்து அழுத்திக் கேளுங்கள். மூன்று ஃப்ளாட் என்று எண்ணிக்கொண்டே வாசிப்பவர் நடுவில் எப்படியும் ஒன்றை விட்டுவிடுவார். ஸட்ஜம் காதில் நின்றுவிட்டால் தவறான ஸ்வரம் தானே உறுத்தும்.

ஃப்ளாட் வரிசை பி‑யில் தொடங்குவதில் வரலாறும் சேர்ந்திருக்கிறது. ஐரோப்பிய இடைக்கால இசையில் பி என்னும் ஸ்வரம் இரண்டு வகையாகப் பாடப்பட்டது. தாழ்ந்த பி‑யை உருண்டை வடிவ எழுத்தாலும் உயர்ந்த பி‑யை சதுர வடிவ எழுத்தாலும் எழுதினார்கள். உருண்டை எழுத்து இன்றைய ஃப்ளாட் குறியாகவும் சதுர எழுத்து நேச்சுரல் குறியாகவும் ஆயின. மைனர் சிக்னேச்சர்களும் இன்றைய வடிவில் உடனே நிலைபெற்றுவிடவில்லை. ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் காலத்துப் பாடங்களில் சில மைனர்களுக்கு ஒரு ஃப்ளாட் குறைவாக எழுதி, தைவதத்துக்குத் தேவைப்படும் ஃப்ளாட்டை வரும் இடத்தில் போட்டிருப்பதைக் காணலாம். பழைய பதிப்பு எதையாவது பார்த்தால் குழம்ப வேண்டாம்.

மல்லேஸ்வரம் பியானோ ஆசிரியர்:

பொத்தானைப் பற்றி நான் விடை சொல்கிறேன். மெல்லிசை மேடையில் பாடகரின் சுருதிக்கு உடனே மாற வேண்டியவர்களுக்கு அது பயனுள்ள வசதிதான். படிக்கக் கற்பவர் அதைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஜி மேஜர் பாடத்தைப் பொத்தானின் துணையால் சி‑யின் விசைகளில் வாசித்தால், கண் காணும் ஜி ஒன்று, விரல் தொடும் விசை வேறொன்று. கோட்டுக்கும் விசைக்கும் உள்ள தொடர்பைத்தான் நீங்கள் இப்போது கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். பொத்தான் அந்தத் தொடர்பையே அறுத்துவிடும். அந்தப் பொத்தானே இல்லாத பியானோவின் முன் தேர்வு எழுத அமரும்போது கைக்கு எதுவும் நினைவிருக்காது.

ஐந்தரைக் கட்டை என்பது ஜி‑க்கும் ஏ‑க்கும் இடையிலுள்ள கறுப்பு விசை. அதை ஜி ஷார்ப் என்றும் சொல்லலாம், ஏ ஃப்ளாட் என்றும் சொல்லலாம். ஜி ஷார்ப் மேஜர் என்று எழுதத் தொடங்கினால் ஏழு எழுத்துகளும் ஷார்ப் ஆனபின்பும் நிஷாதம் போதாது. எஃப்‑ஐ இரண்டு முறை உயர்த்தி டபுள் ஷார்ப் போட வேண்டியிருக்கும். ஏ ஃப்ளாட் என்று எழுதினால் பி, ஈ, ஏ, டி என்னும் நான்கு ஃப்ளாட்டுகளில் வேலை முடிந்துவிடுகிறது. ஆகவே உங்கள் சுருதியின் சங்கராபரணம் ஏ ஃப்ளாட் மேஜர். ஸ ஏ ஃப்ளாட்டிலும், ரி பி ஃப்ளாட்டிலும், க சி‑யிலும், ம டி ஃப்ளாட்டிலும், ப ஈ ஃப்ளாட்டிலும், த எஃப்‑இலும், நி ஜி‑யிலும் அமையும். பாடகர் குழுச் சகோதரி சொன்ன வழியிலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: கடைசி ஃப்ளாட்டாகிய டி மத்யமம், அதற்கு முந்திய ஏ ஸட்ஜம்.

நான்கு ஃப்ளாட்டுகளைக் கண்டு தொடக்க நிலை மாணவர்கள் அஞ்சுவார்கள். நீங்கள் வாழ்நாள் முழுவதும் பாடிய சுருதி அது. வலக்கையில் மட்டும் மெதுவாக அந்த ஏழு ஸ்வரங்களை வாசித்து, கூடவே வாய்விட்டுப் பாடுங்கள். ஆரோகண அவரோகணம் தடையின்றி வந்ததும் ஒவ்வொரு ஸ்வரமும் இரட்டித்து வரும் பயிற்சியாகிய ஜண்டை வரிசையை அதே விசைகளில் வாசியுங்கள். அது நன்றாக வந்த பிறகு ஏ ஃப்ளாட்டில் எழுதிய எளிய பாடம் ஒன்றைத் தரும்படி உங்கள் ஆசிரியையிடம் கேளுங்கள்.